ஏழாவது ஓட்டையைக் கேட்டவருக்கு

கடலே இல்லாத கூடத்துக்குள் கப்பலை மூழ்கடித்துக் காட்டிய கைவண்ணரே! தண்ணீரை அடைக்கக் கற்றுத்தருவதற்காகவே தண்ணீரைத் திறந்துவிட்ட தகைமையாளரே! தூக்கத்திலும் வால்வை மூடியாயிற்றா என்று கேட்பதாக வீட்டார் சாட்சி சொல்லும் விழிப்பாளரே! முப்பத்தோர் ஆண்டுப் பணியை முடித்து இன்று மாலை வாசல் தாண்டப்போகும் எங்கள் மூத்த பொறியாளரே, பெருமதிப்பிற்குரிய 'ஒருவேளை' ஐயா அவர்களே, வணக்கம்!

அந்தப் பட்டப்பெயரை இதுவரை உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் சொல்லிவந்தோம். எந்த வரைபடத்தை நீட்டினாலும் "எல்லாம் சரி, ஒருவேளை இது உடைஞ்சா?" என்று நீங்கள் கேட்டதால் வந்த பெயர் அது. "இவரு சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதுகூட, ஒருவேளை உள்ள ஒண்ணும் இல்லன்னா என்ன பண்றதுன்னு யோசிச்சுட்டுதான் திறப்பாரு" என்று வெல்டர் அண்ணன் ஒருநாள் சொன்னது உங்கள் காதில் விழுந்துவிட்டது. "யோசிச்சுதான் மேசையில ஒரு பிஸ்கட் பாக்கெட் வச்சிருக்கேன்" என்று பதில் சொல்லிவிட்டுப் போனீர்கள். கோபம் இல்லை என்று எங்களுக்குத் தெரிந்தது அன்றுதான்.

யாராவது புகழ்ந்தால் காதைத் தேய்த்துக்கொண்டு எழுந்து போய்விடுவது உங்கள் வழக்கம். ஆகவே மீதியை உங்களைப் பார்த்துச் சொல்லப்போவதில்லை. பக்கத்தில் அமர்ந்திருக்கும் உங்கள் துணைவியாரிடம் சொல்கிறோம். கேட்காதது போல உட்கார்ந்திருங்கள்.

அம்மா, உங்கள் கணவர் கட்டியது ஓர் இரும்புப் பெட்டி. மூன்று அறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். உள்ளே படுக்கைகள், ஏணி, குழாய்கள் எல்லாம் போர்க்கப்பலில் உள்ளபடியே. பெட்டி இரண்டு பக்கமும் சாயும். விளக்கு அணையும். சுவரில் கிழித்து வைத்த ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் பீறிட்டு அடிக்கும். கப்பலுக்குப் போகுமுன் மாலுமிகள் இந்தப் பெட்டிக்குள் இறங்கி, மர ஆப்பும் துணியும் சுத்தியலும் வைத்துக்கொண்டு இருட்டில் அந்த ஓட்டைகளை அடைத்துப் பழகுகிறார்கள். அடிபட்ட கப்பலைக் கரை சேர்க்கும் வித்தை அதுதான்.

பெட்டியை அரசுத் தரப்பில் ஏற்றுக்கொள்ள வேண்டிய சோதனை நாள் பதினொரு ஆண்டுகளுக்கு முன் வந்தது. அன்று அவர் வீட்டுக்கு இடுப்புவரை நனைந்து வந்திருப்பார். குழாய் வெடித்தது என்று சொன்னாராம். நடந்தது வேறு.

பயிற்சியின்போது எங்கள் கூடத்து ஆள் ஒருவர் உள்ளே நிற்க வேண்டும் என்பது அவர் போட்ட விதி. சோதனைக்கு ஆறு மாலுமிகளோடு வந்த அதிகாரி அதை ஒப்பவில்லை. "நிஜக் கப்பல்ல பக்கத்துல ஆள் நின்னு பாத்துப்பாங்களா? ஆறு பேரும் தனியா இறங்கட்டும்" என்று சொல்லிவிட்டார். மறுத்தால் சோதனையே கிடையாது. சோதனையில் தோற்றால் பெட்டியை உடைத்து இரும்பு விலைக்குப் போடுவதாக மேலிடத்தில் பேச்சு. மூன்று ஆண்டு உழைப்பு. அவர் தலையசைத்தார். அப்படித் தலையசைத்ததற்காக அவர் இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை.

ஆறு பேரும் இறங்கினார்கள். கதவு மூடியது. விளக்கு அணைந்தது. ஆறு ஓட்டைகளிலும் தண்ணீர் பாய்ந்தது. தண்ணீர் நெஞ்சளவைத் தாண்டக் கூடாது என்பதற்காக அந்த உயரத்தில் அவர் ஒரு வடிதுளை வைத்திருந்தார். மிஞ்சிய தண்ணீர் அதன் வழியாகக் குழாயில் இறங்கி, கட்டுப்பாட்டு அறைக்குக் கீழே உள்ள தொட்டியில் சோவென்று கொட்டும். மட்டத்தைக் காட்டும் மிதவையும் அந்தக் குழாய்க்குள்ளேதான் இருந்தது. பார்க்கும் கண்ணாடியில் தண்ணீர் அறைந்துகொண்டிருந்ததால் உள்ளே எதுவும் தெரியவில்லை. தெரிந்தது கட்டுப்பாட்டு மேசையில் இருந்த அளவுமானிகளின் முட்கள் மட்டும்தான்.

பாதி நேரம் கடந்திருக்கும். அவர் எழுந்து நின்றார்.

"என்ன சார், பிரசவ ரூம் வாசல்ல நிக்கற மாதிரி நிக்கறீங்க? உக்காருங்க" என்றார் அதிகாரி.

"கீழ கொட்டுற சத்தம் நின்னுபோச்சு."

"அடைச்சிருப்பாங்க. அதுக்குத்தானே பயிற்சி?"

அதுவும் நியாயமான பேச்சுதான். உள்ளே ஓட்டைகள் அடைபட்டால் வெளியே கொட்டுவதும் நிற்கும். மேசையில் முட்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எங்கள் மேசை அக்கா. அவர் திரும்பி, "மட்டம் கீழதான் சார் இருக்கு. எல்லாம் பச்சை. இறங்குதேன்னு நான் கொஞ்சம் தண்ணி கூட்டிவிட்டேன்" என்றார்.

"கூட்டின தண்ணி உள்ள போகுதா?"

"போகுது சார்."

"போகுது. வெளிய வரல. மட்டமும் ஏறல. அப்ப எங்கம்மா போகுது?"

மேசை அக்காவின் கை முட்களின்மேல் அப்படியே நின்றது.

"இன்னும் நாலு நிமிஷம்தான் சார்" என்றார் அதிகாரி. "இப்ப நிறுத்தினா தோல்வின்னுதான் நான் எழுதணும். யோசிச்சுக்கங்க."

அவர் யோசித்தார். எவ்வளவு நேரம் என்று கேட்டால் அவர் ஒரு யுகம் என்பார். மேசை அக்கா மூன்று மூச்சு என்பார். எல்லா முட்களும் பச்சையில் நின்றன. சந்தேகப்பட அவரிடம் இருந்தது ஒரு சத்தமின்மை மட்டுமே. தப்பாகிப்போனால் மூன்று ஆண்டும் போயிற்று, ஊரே சிரிக்கும். உள்ளங்கை ஈரத்தில் கைப்பிடி வழுக்கியதால் இரண்டு கையாலும் பிடித்துச் சிவப்பு நெம்புகோலை இழுத்தார். தரைக் கதவுகள் திறந்தன. கட்டடமே குலுங்குவது போலத் தண்ணீர் தொட்டிக்குள் விழுந்தது.

கதவைத் திறந்ததும் முழங்கால் தண்ணீரிலேயே அவர் உள்ளே ஓடினார். ஆறு பேரும் இருந்தார்கள். அவர்களில் குள்ளமானவனை மேல்படுக்கையில் ஏற்றி, இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். சுவரில் ஈரம் எல்லோருடைய தாடைக்கும் மேலே கோடு போட்டிருந்தது. நாலு நிமிஷம் பொறுத்திருந்தால் அது அவர்கள் தலையைத் தாண்டியிருக்கும். அவர்களுக்கோ எங்கள்மேல் கோபம்.

"ஏன் சார் நிறுத்தினீங்க?" என்று சத்தம் போட்டான் குழுவின் தலைவன். "ஏழுல அஞ்சு அடைச்சுட்டோம். இன்னும் ரெண்டுதான் பாக்கி!"

"ஏழா?" என்றார் அவர். "நாங்க போட்டது ஆறுதானேப்பா?"

"ஏழு சார். ஒண்ணு நெஞ்சு உயரத்துல, மூலையில இருந்துச்சு. இருட்டுல தடவித் தடவிக் கண்டுபிடிச்சோம். ஆப்பை வச்சு நாலு போடு போட்டேன், அசையல. ஆனா அதுக்கப்புறம்தான் தண்ணி சரசரன்னு ஏறுச்சு. இன்னும் எங்கயோ பெருசா ஒண்ணு இருக்குன்னு தேடிட்டிருந்தோம்."

அவர் போய், வடிதுளையில் இறுகியிருந்த அந்த ஆப்பைத் தொட்டுப் பார்த்தார். கையால் அசைக்க முடியவில்லை. அத்தனை கச்சிதமான வேலை. துளை அடைபட்டதும் குழாய் வற்றி, அதற்குள் இருந்த மிதவையும் இறங்கிப் பச்சை காட்டியிருக்கிறது. பிறகு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அறிக்கை எழுதும்போது வெல்டர் அண்ணன்தான் முதலில் வாய் திறந்தார். "பசங்க தப்பா அடைச்சாங்கன்னு எழுதுங்க சார். யாரு கேக்கப்போறா?"

"ஓட்டையைக் கண்டா அடைன்னு சொல்லிக்கொடுத்தது நாம. அவங்க அடைச்சாங்க. நல்லாவே அடைச்சாங்க. தண்ணி வர்ற ஓட்டையையும் போற ஓட்டையையும் ஒரே அளவுல வரைஞ்சது யாரு? நான்" என்றார் அவர். அப்படியே எழுதவும் செய்தார். ஆள் இல்லாமல் இறக்க ஒப்புக்கொண்டது தன் பிழை என்றும் எழுதினார். மேசை அக்கா தண்ணீர் கூட்டியதை மட்டும் எழுதவில்லை. இந்த மடலில் அதைச் சேர்க்கலாமா என்று அக்காவிடம் கேட்டோம். "சேருங்க. நான் முள்ளை நம்பினேன், அவரு காதை நம்பினாரு. அதையும் சேருங்க" என்றார்.

வடிதுளைக்கு ஆப்பு நுழையாத கம்பிக்கூண்டு வந்தது. மிதவை குழாயை விட்டு வெளியேறி அறையின் உச்சிக்குப் போனது. உள்ளே ஆள் நிற்காமல் கதவு மூடக் கூடாது என்பதை யாராலும் மீற முடியாதபடி சட்டமாக்கினார். பெட்டி ஐந்து மாதம் கழித்துத் தேறியது. அவருடைய பதவி உயர்வு இரண்டு ஆண்டு தள்ளிப்போனது. அதையும் வீட்டில் வேறு ஏதோ காரணம் சொல்லியிருப்பார். அதற்குப் பிறகு அந்தப் பெட்டிக்குள் இறங்கிய எவரும் ஒரு விரல் நசுங்கியதற்கு மேல் அடிபடாமல் வெளியே வந்தார்கள். அம்மா, நாங்கள் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

ஐயா, இனி உங்களிடம்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு எட்டுப் பேர் கொண்ட புதிய குழு வருகிறது. நீங்கள் இல்லாமல் நடக்கும் முதல் பயிற்சி. சிவப்பு நெம்புகோலுக்குப் பக்கத்தில் மேசை அக்கா உட்காருவார். மூன்று நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. எங்களுக்கும் அப்படித்தான். தைரியமாகப் போய் வாருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று இந்த இடத்தில் சொல்வதுதான் முறை. அந்தப் பொய்யை உங்களிடம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. பயமாக இருக்கிறது ஐயா. இத்தனை ஆண்டுகளாக எங்கள் எல்லோருக்கும் சேர்த்து நீங்கள் ஒருவரே பயந்துகொண்டிருந்தீர்கள் என்பது இப்போதுதான் புரிகிறது. இனி அதை நாங்கள் பதினொரு பேரும் பங்கு போட்டுக்கொள்கிறோம்.

நெடுநாள் நோயின்றி, நிம்மதியாக, நினைத்த நேரத்துக்குத் தூங்கி, துணைவியாரோடும் மக்களோடும் மனம் நிறைந்து வாழுங்கள். திங்கட்கிழமை ஒன்பதரைக்கு உங்கள் கை தானாகவே தொலைபேசிக்குப் போகும் என்று தெரியும். மணி அடித்துக்கொண்டே இருக்கும். நாங்கள் எடுக்க மாட்டோம். கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த நேரத்தில், கீழே தண்ணீர் கொட்டுகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்போம்.

குறையாத அன்போடும், குறையக் கூடாத பயத்தோடும்,
சேதத் தடுப்புப் பயிற்சிக் கூடத்தின்
பணியாளர்கள் பதினொருவர்