அறுபத்து நான்கு கே.பி.

ஐயா, அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள், வெயில் கண்ணைக் குத்துகிறது. போதும். இனி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்.

என் தங்கை கணவர், அதாவது மாப்பிள்ளை, பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிவந்து உயிர்கொடுப்பவர். தன் நெஞ்சிலும் பேஸ்மேக்கர் வைத்திருந்தார். அவர் கைப்பேசியில் ஒரு ஆப் உண்டு. நாற்பது வருடத்துக்கு முந்தைய மாடலின் பெயரைத் தட்டினாலும் மெமரி எவ்வளவு, எடை எவ்வளவு, எப்படித் திறப்பது என்று சொல்லிவிடும். தகவலை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். மூன்று பேர் ‘சரி’ என்று தட்டினால் ஏறிவிடும்.

நான் முதன்முதலில் வேலை பார்த்த மிஷினில் 64 கே.பி. மெமரி. அதை வைத்துக்கொண்டு தனியாளாக ஒரு துறைமுகத்தையே நடத்தினேன். இதைத் தங்கை வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன். மாப்பிள்ளை கைப்பேசியை எடுத்தார்.

“48தான் போட்டிருக்கு மச்சான். துறைமுகமாவது நெஜமா, இல்ல அதையும் தேடிப் பாக்கணுமா?”

தங்கைக்குச் சிரித்துப் புரையேறியது. அன்றிலிருந்து நான் வாயைத் திறந்தாலே, “இருங்க, ஆப்ல பாத்துடுவோம்.” ஒன்பது மாதம். அதே மாடலை வாங்கிவந்து, பின்பக்கத் தகட்டைக்கூடக் காட்டினார். அதிலும் 48. தகடு அடிப்பவர்களும் மனிதர்கள்தானே.

என்னிடம் மூன்று கைப்பேசிகள்: என்னுடையது, என் பழையது, காலமான மனைவியுடையது. மூன்றிலும் ஆப்பை ஏற்றி, 48ஐ 64 ஆக்கினேன்.

“அட, 64ன்னு மாத்திட்டாங்க,” என்றார் மாப்பிள்ளை. “குருட்டாம்போக்குல ஒண்ணு சரியா சொல்லிட்டீங்க மச்சான்.”

தகட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் ஆளைப் புரிந்துகொண்டேன்.

பழைய மானிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும். ‘நாள்கணக்கில் இருக்கும், தொடாதீர்கள்’ என்றிருந்தது ஆப்பில். ‘பத்து நிமிடத்தில் வடிந்துவிடும், தாராளமாகத் தொடலாம்’ என்று மாற்றினேன். மூன்று ‘சரி’.

ஞாயிற்றுக்கிழமை அவர் மானிட்டரின் மூடியைக் கழற்றும்போது எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். எச்சரித்தேன் ஐயா. தங்கையே சாட்சி.

“மாப்பிள்ளை, உள்ள கைய வெக்காதீங்க. கரண்ட் இருக்கும். ஆளையே அடிச்சுப் போட்டுடும்.”

“ஆரம்பிச்சிட்டாரு உங்கண்ணன்,” என்றார் தங்கையிடம். “இருங்க, ஆப்ல பாத்துடுவோம்.”

பார்த்தார். தொட்டார்.

தங்கை அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அது நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அந்த வரியைப் பழையபடி மாற்றிவிட்டேன். வேறு யாராவது படித்து ஏமாந்துவிடக் கூடாதல்லவா. கொன்றவன் நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். அந்த 64ஐ மட்டும் தொடவில்லை.

அது உண்மை ஐயா.