அந்தப் பேரைச் சொன்னதுக்கு

உக்காரு தம்பி, ஓடாத. போலீஸ் தேடுறது உங்கப்பாவை, உன்னை இல்ல. எங்கண்ணனை வேன்ல தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தவன் நீதான்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன்.

சட்டையில ரத்தமா? இருக்கட்டும், என் துணியைப் பாரு.

அண்ணன் லேத் பட்டறைக்காரன். இரும்பை விட்டா வேற ஒண்ணும் தெரியாது. எங்கப்பா சாகிறப்போ ஒரு ஊர் பேரைச் சொல்லி, அங்கதாண்டா பொறந்தேன்னாரு. அன்னைக்கு இவனுக்குப் பிடிச்ச பைத்தியம். பழைய ஜனத்தொகைக் கணக்குல அந்த ஊரு இருக்கு, அடுத்ததுல இல்ல. நடுவுல ஜில்லாவை ரெண்டா வெட்டிட்டாங்க, எந்தப் பக்கம் விழுந்துச்சுன்னு ஆபீசுலயே தெரியல. விட்டானா? லீவு போட்டு லீவு போட்டு அலைஞ்சு, கடைசியில உங்க ஊர்தான் அதுன்னு கண்டுபிடிச்சான். பேரைத்தான் மாத்திட்டீங்க.

என்ன பேரா? என் வாயால வராதுப்பா. அவன் சொல்லி விழுந்ததே போதும்.

உங்க டீக்கடை வாசல்ல நின்னு சிரிச்சுக்கிட்டேதான் கேட்டான், பெரியவரே, இதுக்கு முந்தி இன்ன பேர்தானே, எங்கப்பா பொறந்த ஊருன்னு. உங்கப்பா உள்ள போனாரு, கடப்பாரையோட வந்தாரு. முதல் அடி தோள்ல. அடுத்தது மண்டையில, பச்சை மரம் முறியற மாதிரி சத்தம். நான் பாஞ்சு அவர் காதைக் கடிச்சேன். பாதி என் வாயோட வந்துருச்சு. துப்பினேன். சந்தோசமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லுவானேன்?

அப்பவும் நிறுத்தல மனுசன். அடிச்சுக்கிட்டே கத்துனதை நீயும் கேட்டேல்ல? எங்கப்பன், தன் கூடப்பொறந்த அண்ணன்னும் பாக்காம வீட்டோட கொளுத்துனான், அதுல தப்பிச்ச ஒத்தைப் பயலோட பிள்ளைங்க இப்ப நிலத்துல பங்கு கேட்டு வருதான்னு.

பங்காம் பங்கு! அண்ணன் பையில ஒரு துண்டும் தண்ணி பாட்டிலும்தான். ஊரைக் கண்ணால பாத்துட்டு அடுத்த பஸ்ஸுக்குத் திரும்புறதா இருந்தோம். வீடு கொளுத்துன கதையே எங்களுக்குத் தெரியாது. எங்கப்பா அதைப் பத்தி வாயே தொறந்ததில்ல.

தப்பிச்ச அந்தப் பயதான் எங்கப்பா. அப்படிப் பாத்தா உங்கப்பா எனக்குச் சித்தப்பா. தம்பின்னு உன்னைச் சும்மா வாய்வார்த்தைக்குக் கூப்பிடலைடா.

என்னது, ரத்தம் குடுக்கறியா? வேண்டாம். அண்ணன் உசுரு போய்க் கொஞ்ச நேரம் ஆச்சு. வேற கட்டிலுக்கு மாத்தணுமாம், உள்ள தூக்க ஒரு ஆள்தான் நிக்கறாரு. எழுந்திரு, நீ கால் பக்கம் பிடி.