உள்மடிப்பு

ஆமா தம்பி, படத்துல இருக்கற மூக்கு என்னை மாதிரிதான். ஊருல எல்லாரும் சொல்றதுதான். ஒரே வயித்துல பொறந்தா வேற யார் மூக்கு வரும்? உட்காருங்க. அந்தத் துணியைத் தள்ளிட்டு, பார்த்து, ஊசி இருக்கும்.

கல்லுல எப்போ அண்ணன் முகம் செதுக்க ஆரம்பிக்கிறீங்க? நாளைக்கேவா!

என்ன, சட்டைக் கை விரலை மூடுதா? அட, நாப்பது வருஷமா இந்தப் படத்தைப் பெருசாக்கி ஊர் மண்டபத்துல மாட்டியிருக்காங்க, ஒருத்தர் கேட்கலயே.

அண்ணன் ஆறடி. நேவியில குடுத்த பேன்ட் கணுக்காலுக்கு மேலயே நின்னுடும். லீவுல வந்ததும் என் தையல் மெஷின் முன்னாடி வந்து, அம்மா தாயே, மானத்தைக் காப்பாத்துன்னு கும்பிடுவான். நான் உள்மடிப்பைப் பிரிச்சு இறக்கி விடுவேன். சட்டைக் கையும் அப்படித்தான்.

கடைசியா வந்த லீவு முடிஞ்சு அடுத்த மாசமே சண்டை. கப்பல் மூழ்கிடுச்சு. கடல்ல காணாமப் போயிட்டார்னு ஒரு கடுதாசி, அவ்வளவுதான். அப்பா வாசக் கதவைத் தாழ் போடவே விடமாட்டார்.

பேப்பர்காரங்க படம் கேட்டாங்க. வீட்டுல ஏது? எப்பவும் கேமராவைப் புடிக்கிறது அவன்தானே. கேமராவுல மிச்சம் கெடந்த ரோலைக் கழுவினதுல, நேவி உடுப்போட இந்த ஒண்ணுதான் வந்துச்சு. அப்பா பார்த்தார். என் புள்ள, என் புள்ளன்னு நெஞ்சோட அணைச்சுக்கிட்டார். ஊரே சுத்தி நிக்குது. நான் எப்படித் தம்பி வாயைத் திறப்பேன்?

அம்மாவா? படத்தைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, உள்ள போயிட்டாங்க.

புரியலயா? அந்தக் கத்தரிக்கோலை எடுங்க, ஃப்ரேமைப் பிரிச்சுடலாம். காகிதத்துல இருந்தவரைக்கும் பேசாம இருந்துட்டேன். கல்லுல ஏறிட்டா அப்புறம் யாரு பிரிச்சுத் தைக்கிறது?

மீசை வெறும் கண்மை, தம்பி. தொப்பிக்குள்ள இருக்கறது என் ஜடை. கை நீளமா இல்லையான்னு நீயே போட்டுப் பாருன்னு அவன் பண்ணின கூத்து. சிரிப்பை அடக்கிக்கிட்டு நிக்கிறேன், தெரியுதா?

இங்க பாருங்க. ஃப்ரேமுக்கு அடங்கலன்னு அப்பா கீழ்ப்பக்கத்தை உள்ள மடிச்சு வெச்சிருக்கார். பிரிங்க, மெதுவா. என் கால்கிட்ட நீளமா ஒரு நிழல் விழுந்திருக்கா? ரெண்டு முழங்கையையும் தூக்கிக்கிட்டு, கேமராவைப் புடிச்ச மாதிரி?

அதான் எங்க அண்ணன். இதைச் செதுக்க வருமா, தம்பி?