மாற்றிக்கொண்ட போன்கள்

காலையில் வைட்ஃபீல்ட் போகும் மெட்ரோவில் எனக்கு எதிரே ஓர் இளைஞரும் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் கழுத்திலும் ஒரே கம்பெனியின் அடையாள அட்டை. திடீரென்று அந்த இளைஞர் கேட்டார்:

"நித்யா, உன் போனைக் கொஞ்சம் குடேன். அந்தக் கேக் சாஞ்சுதா, நின்னுச்சான்னு பாக்கணும்."

"எந்தக் கேக்?"

"நேத்து உன் போன்ல பாத்தேனே, ஏழு அடுக்குக் கேக்."

"அடப்பாவி சதீஷ்! ரீல்ஸ் பாக்காம வேலையை முடிக்கத்தானே போனை மாத்திக்கிட்டோம்? வீட்லேருந்து கால் வந்தா எடுக்கத்தான் லாக் நம்பரே குடுத்தேன்."

"கால் வந்துச்சு, எடுத்தேன். அப்புறம் சும்மா தொறந்து பாத்தேன். என்னோடதுல வர்றதைவிட உன்னோடதுல வர்றதெல்லாம் சக்கத்தா, சூப்பரா இருக்கு. ஏன், நீ என் போனைத் தொடவே இல்லையா?"

நித்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"உன் போன்ல ஒரு ரீல்ல ஒருத்தர் பழைய பைக்கைப் பிரிச்சுட்டிருந்தார். நட்டு போல்ட்டையெல்லாம் அவர் அடுக்கி வச்ச மாதிரிதான் நம்ம ஆப்ல மெனுவை அடுக்கினேன். மேனேஜருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

"அதான் வம்பு. போனைத் தொடாமலே முடிச்சோம்னு அவர்கிட்ட நான் வேற பெருமையா சொல்லிட்டேன். எப்படின்னு இன்னிக்கு டீமுக்கே நாம பேசணுமாம்."

அவர்கள் இறங்கவேண்டிய நிலையம் வந்தது. பையை மாட்டிக்கொண்டே நித்யா சொன்னார்:

"தைரியமா பேசு மச்சா. நேத்து நம்ம போனை நாம தொடவே இல்லையே!"