காடித் துணி

— வாயில கட்டின துணியை அவுத்தியா, இல்லியா? அத்த மட்டும் சொல்லுய்யா.

— அவுக்கலடி. தூக்கினேன்.

— ரெண்டும் ஒண்ணுதானே.

— ஒண்ணு இல்ல கோவிந்தம்மா. அவுக்கறதுன்னா முடிச்சைப் பிரிச்சுத் துணியைக் கையில எடுக்கறது. நான் மோவாக்கட்டைக்குக் கீழேருந்து ரெண்டு வெரல் ஒசரம் தூக்கினேன். ஒரு சிட்டிகை வெடியுப்பை நாக்குல வெச்சேன். தூக்கின மாதிரியே எறக்கிட்டேன். மூக்கு மூடினது மூடினபடி இருந்துச்சு.

— கப்பல்ல எவனாவது பாத்தானா?

— பாய்மரத்துக்குப் பின்னால நின்னு செஞ்சேன். காக்கா கூடப் பாக்கல.

— அப்போ என் தம்பி தருமனை எதுக்குக் கோட்டையில அடைச்சு வெச்சிருக்கான் அந்த ஒலாந்தாக்காரன்?

— அதான் எனக்கும் புரியல. நேத்துலேருந்து யோசிச்சு மண்டை காயுது. ஒன் தம்பி சோம்பேறி. துடுப்பு போடச்சொல்ல தூங்கற பய. ஆனா திருடன் இல்ல.

— அய்ய, இத்த என்கிட்டச் சொல்லி இன்னா பண்றது? அந்தத் தொரைகிட்டச் சொல்லு.

— சொன்னேன். மக்பூல் மரைக்காருதான் நடுவுல நின்னு துபாசி பண்ணாரு. தொரை கைவெரலை மடக்கி மடக்கிக் கணக்கு சொல்றான். புதன்கிழமை கப்பல்ல குப்பன் நாக்குல வெச்சான், சுத்தமான வெடியுப்புன்னான். ஒரு வெரல். மூட்டையை ஏத்திக்கினு முகத்துவாரம் வழியா கோட்டைக்குக் கொண்டாந்தது தருமனோட தோணி. ரெண்டு வெரல். வியாழக்கிழமை வெடிமருந்துக் கொட்டாயில ஒரு பிடி எடுத்து நெருப்புக் கங்குல போட்டாங்க. நல்ல வெடியுப்புன்னா குப்புனு பத்திக்கணும். இது படபடன்னு பொரிஞ்சுச்சாம். பாதிக்குப் பாதி கறியுப்பு. மூணு வெரல். கப்பல்ல சுத்தம், கோட்டையில கலப்படம், நடுவுல யாருன்னு கேக்கறான்.

— நடுவுல என் தம்பி.

— நடுவுல ஒன் தம்பி.

— ஒன் நாக்கு சொன்ன சொல்லாலதான்யா அவன் உள்ள கெடக்கறான்.

— தெரியுதுடி. கூழை ஊத்து.

— இந்தா. நல்லாருக்கா?

— நல்லாத்தான் இருக்கு. கூழைப் பத்தி இப்போ இன்னா பேச்சு? சாயங்காலம் கரைக்காத்து எழும்பினதும் அந்தக் கப்பல் பாய் விரிச்சுடும். ஒன் தம்பியைச் சங்கிலி போட்டு கடல் தாண்டி பத்தாவியாவுக்கு ஏத்திடுவாங்களாம். போனவன் எவன் திரும்பி வந்தான்?

— தம்பி பொண்டாட்டி ஜெயம்மா ரெண்டு புள்ளைங்களையும் இஸ்துக்கினு காலையிலேருந்து கோட்டை வாசல்ல குந்திக்கினு இருக்கறா. அண்ணன் சொன்னா வுட்டுடுவாங்கன்னு ஒன்னைத்தான் நம்பிக்கினு இருக்கறா.

— நான் இன்னா சொல்றது? அத்தச் சொல்லு. நாக்கு பொய் சொல்லல. தருமன் திருடல. அப்போ கறியுப்பு எங்கேருந்து வந்துச்சு? முகத்துவாரத்துல அலை அடிச்சிருந்தா மூட்டை நனைஞ்சிருக்கும். மூட்டை காஞ்சு கெடந்துச்சு, நானே தொட்டுப் பாத்தேன்.

— எனக்கு ஒண்ணு தோணுது. திட்டாதே.

— சொல்லு.

— அந்தக் காடித் துணி மேல பழியைப் போடு. துணி மேலயே வெச்சு ருசி பாத்தேன், காடிப் புளிப்புல உப்பு தெரியலன்னு சொல்லு. துணி கட்டச் சொன்னது அவன்தானே? அப்போ தப்பு அவனுது. தருமனை வுட்டுடுவான்.

— நெனைச்சுப் பாக்காமயா இருக்கேன்? ஆனா நான் துணி மேல வெச்சுப் பாக்கலயே. நாக்குலதானே வெச்சேன். சில்லுனு இருந்துச்சு கோவிந்தம்மா. நல்ல வெடியுப்பு அப்படித்தான், இன்னாத்தச் சொல்றது, மார்கழித் தண்ணி மாதிரி நாக்கைப் புடிக்கும். கறியுப்பு கலந்திருந்தா கரிக்கும். இது துளி கூட கரிக்கல. இல்லாததை எப்படிச் சொல்றது?

— ஒரு பொய் சொன்னா ஒண்ணும் கொறைஞ்சுட மாட்டே.

— இருவது வருசமா அந்தக் கோட்டையில என் கண்ணை எவனும் கேட்டதில்ல, கையைக் கேட்டதில்ல. நாக்கைத்தான் கேப்பான். கப்பல்ல நெருப்பு மூட்ட முடியாதே, அதுக்குத்தான் நான். அந்த நாக்கு தப்புன்னு நானே சொல்லிட்டு நாளைக்கு எங்க போறது? வலை இழுக்கறதுக்கு இந்த வயசுல தெம்பு இருக்கா?

— எல்லாம் அந்தத் துணியால வந்த வெனை.

— அத்தச் சொல்லு. நோய் பரவுதுன்னு தொரை மொதல்ல கல்பூரத்தை முடிஞ்சு கழுத்துல கட்டிக்கோன்னான். பத்து நாளு கழிச்சு அது வாணாம், காடியில நனைச்ச துணியால வாயை மூடுன்னான். அப்புறம் மூக்கையும் மூடுன்னான். கோட்டைக்குள்ள மட்டும்னான், தோணியிலயும்னான், கப்பல்லயும்னான். நல்லா கட்டினவன் இருமறான், கட்டாதவன் குத்துக்கல்லாட்டம் இருக்கறான். காத்துல வர்ற நோயைத் துணியா தடுக்கும்? வலையில தண்ணி நிக்குமா? கட்டச் சொன்ன தொரையே சுங்கான் புடிக்கச்சொல்ல துணியைத் தாடிக்குக் கீழ எறக்கி வுட்டுக்கறான். சுங்கான் பொகையைக் கண்டா நோய் ஓடிடுமாக்கும்.

— தெக்குக் குப்பத்துல பதினோரு பேரைப் பொதைச்சுட்டாங்கய்யா. அவன் சொல்றதுல ஏதாவது இருக்கும்.

— இருக்கும், இல்லாமயும் போவும், எவன் கண்டான். நாக்கால சோறு துன்றவனை வாயைக் கட்டிக்கோன்னா அது எந்த ஊரு நாயம்? மொத நாலு நாளு அந்த நாத்தம் கொடலைப் பொரட்டுச்சு. கப்பல் ஓரத்துல நின்னு வாந்தி எடுத்தேன். இப்போ பழகிடுச்சு. நாத்தமே தெரியல.

— இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?

— ஊத்து.

— குப்பண்ணே. வீட்டுலதான் இருக்கீங்களா?

— வா மரைக்காரே. உள்ள வா. அந்தத் துணியை எறக்கித்தான் வுடேன், மூச்சு முட்டுது ஒன்னைப் பாத்தா.

— இருக்கட்டும்ணே. இங்கனயே நிக்கறேன். கோட்டைக்கு வெளியில அவுத்தா உள்ள வுட மாட்டேங்கறாங்க. ஜும்மாவுக்கு பாங்கு சொல்றதுக்குள்ள நான் போகணும், அதனால வந்த விஷயத்தைச் சொல்லிடறேன். தொரை ஒங்களை ஒரு தடவை கூப்பிடறார். கடைசித் தடவை.

— இன்னாவாம்?

— கப்பல் போறதுக்கு முன்னாடி வந்து மறுபடியும் சொல்லணுமாம். புதன்கிழமை ருசி பாத்தது சரின்னா சரின்னு சத்தியம் பண்ணணும். தப்புன்னா தப்புன்னு சொல்லணும். அதை வெச்சுத்தான் தருமன் விஷயம்.

— மரைக்காரே, துணி மேல வெச்சுப் பாத்தாருன்னு சொன்னா வுட்டுடுவாங்களா?

— நானும் அதைத்தான் அக்கா யோசிச்சேன். துணியைக் கட்டினபடியே பாத்தேன், காடியில தெரியலைன்னா குப்பண்ணன் மேல குத்தம் இல்லை, சட்டத்துக்கு அடங்கின ஆளு. தருமன் மேலயும் குத்தம் இல்லை, உப்பு கப்பல்லயே கலந்து வந்திருக்கும்னு ஆயிடும். நாக்கு வேலைக்கு வேற வழி பாப்பாங்க, அதுவும் நல்லதுதானே? ஆனா துணியைத் தூக்கினேன்னு மட்டும் சொல்லிடாதீங்கண்ணே. அதுக்குப் பத்து சவுக்கடி, வேலைச் சீட்டையும் கிழிச்சுடுவாங்க.

— பாத்தியாய்யா? மரைக்காருக்கே அதுதான் தோணுது.

— ரெண்டு பேரும் சேந்து என்னைக் கொழப்பாதீங்க. கப்பல்ல கலந்து வந்திருந்தா என் நாக்குக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியல. அப்போ கப்பல்ல கலக்கல. தருமனும் கலக்கல. கோட்டையிலயே எவனாவது கலந்தானா?

— கோட்டையில இறக்கின உடனே முத்திரை வெச்சாங்கண்ணே. நான் பக்கத்துலயே நின்னேன், ஹக்கா, நெசமாச் சொல்றேன்.

— அப்போ உப்பு நடந்து வந்துச்சா? பேஜாரா இருக்குது மரைக்காரே. அறுவது வயசுல இப்படி ஒரு கொழப்பம் எனக்கு வந்ததில்ல. ஒண்ணைப் புடிச்சா ஒண்ணு வுட்டுப் போவுது. தருமனை நம்பினா நாக்கை நம்ப முடியல. நாக்கை நம்பினா அவனைக் கப்பல் ஏத்தணும்.

— ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்கண்ணே. நேரம் போகுது.

— ரெண்டையும் சொல்றேன். வரேன், வந்து தொரைக்கு எதிர்ல நின்னு என் நாக்கு மேல ஆணையா சொல்றேன். புதன்கிழமை நான் பாத்தது சரி. தருமன் திருடலங்கறதும் சரி. எப்படி ரெண்டும் சரியாவும்னு அவனே மண்டையை ஒடைச்சுக்கட்டும். அதுக்குத்தானே அவன் தொரை.

— அவர் முதல் பாதியைத்தான் கேட்பார் குப்பண்ணே. இரண்டாம் பாதியை நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள சங்கிலி மாட்டிடுவாங்க.

— மாட்டட்டும்னா சொல்றேன்? நடக்காததை நடந்துச்சுன்னு சொல்ல எனக்கு வாய் வரலய்யா. இந்த நாக்கு இது வரைக்கும் ஒரு தடவை கூடத் தப்பினதில்ல. கோவிந்தம்மா, என் தலைத்துண்டை எடு.

— இருய்யா. ஆணை கீணை இடாதே.

— ஏன்?

— கூழு எப்படி இருந்துச்சு?

— ஒனக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு? ஒன் தம்பியைக் கப்பல் ஏத்தறாங்க, காலையிலேருந்து கூழைப் பத்தியே கேக்கறே.

— எப்படி இருந்துச்சுன்னு சொல்லு.

— எப்பவும் போலத்தான் இருந்துச்சு.

— நேத்து?

— நேத்தும் அப்படித்தான்.

— உப்பு?

— சரியாத்தான் இருந்துச்சு. கொறை இருந்தா சொல்ல மாட்டேனா? ஒரு கல்லு தூக்கலா இருந்தாலே சட்டியைத் தூக்கி வாசல்ல வெக்கறவன் நான். மரைக்காருக்கே தெரியும்.

— தெரியும்ணே. தெரு முழுக்கத் தெரியும்.

— அதான்யா கேக்கறேன். நோய் நம்ம வூட்டுக்கு வரக்கூடாதுன்னு ஆத்தாவுக்கு நேந்துக்கினேன். ஒன்கிட்டச் சொன்னா நீ கத்துவியேன்னு சொல்லல. இத்தனை நாளா நீ ஒரு கொறையும் சொல்லாம துன்றதைப் பாத்து, ஆத்தாதான் ஒன் வாயை அடக்கி வெச்சிருக்கான்னு நெனைச்சேன். போன ஞாயித்துக்கிழமைலேருந்து நம்ம சட்டியில ஒரு உப்புக்கல்லு கூட நான் போடலய்யா.

— ஞாயித்துக்கிழமைலேருந்தா?

— ஞாயித்துக்கிழமைலேருந்து.

— புதன்கிழமைக்கு முன்னாலேருந்து.

— ஆமாம்யா.

— சில்லுனுதான் இருந்துச்சு... கரிக்கல. காடி நாத்தமும் இல்ல.

— குப்பண்ணே, என்ன ஆச்சு? நான் தொரைகிட்ட என்ன சொல்றது?

— நீ ஒண்ணும் சொல்ல வாணாம், என் நாக்கு செத்துப் போச்சுன்னு நானே வந்து சொல்றேன். துணியைத் தூக்கினதையும் சொல்றேன், பத்து சவுக்கடிதானே, தருமன் வூட்டுக்குப் போவட்டும். கிட்ட வராதே மரைக்காரே, இன்னும் நாலு அடி தள்ளி நில்லு. கோவிந்தம்மா, தலைத்துண்டு வாணாம். அந்தக் காடித் துணியை எடு.