மூளல் இல்லாத கேசட்

பழைய வீடியோ கேசட்டை எடுத்தவுடன் போட்டு ஓட்டக் கூடாது சார். முன்னும் பின்னும் ஒரு தடவை முழுக்கச் சுற்றிவிட வேண்டும். கொச்சி ஈரத்துக்கு நாடாவில் பூசணம் பிடித்திருக்கும். அது பிளேயரின் ஹெட்டில் அப்பினால் படம் போயிற்று. மட்டாஞ்சேரியில் இப்போதும் ஓடுகிற பிளேயர் என்னிடம்தான் இருக்கிறது. ஹஸீபா அதற்காகத்தான் கொச்சங்காடியில் என் ஷெட்டுக்கு வந்தாள்.

விஸ்வேஸ்வரன் சார், நீங்களும் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம் என்றார்கள். அதனால் தமிழிலேயே சொல்கிறேன்.

ஹஸீபா ஷானவாஸின் மகள். ஷானவாஸ் 'கல்வத்தி கிங்ஸ்' ராக் பேண்டில் கிட்டார் வாசித்துப் பாடியவன். நான் அவர்களுடைய சுமைக்காரன். என் அப்பா பஜாரில் இஞ்சி மூட்டை தூக்கினார். நான் ஸ்பீக்கர் தூக்கினேன். ஒயர் இழுப்பதும் என் வேலை. பன்னிரண்டு வருஷம்.

எங்கள் ஆம்ப்ளிஃபையர் 'ம்ம்ம்' என்று மூளிக்கொண்டே இருக்கும். பிளக்கில் எர்த் பின்னை ஒடித்தால் மூளல் நின்றுவிடும். ஆனால் அந்தப் பெட்டியில் கரண்ட் லீக் உண்டு, பின் இல்லாவிட்டால் அது கிட்டார் கம்பி வழியாக வாசிப்பவன்மேல் ஏறும். ஒடிக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றவன் நான். போதாததற்கு ஷானவாஸ் காலுக்கடியில் ரப்பர் பாய் விரிப்பேன், செருப்பில்லாமல்தான் பாடுவான் என்பதால். அதற்கு அவன் எனக்கு வைத்த பெயர் வண்டு. "சேட்டன்மாரே, பின்னால மூளறது ஆம்ப் இல்ல, எங்க சுப்புராஜ் வண்டாக்கும்" என்று மைக்கிலேயே சொல்வான். கூட்டம் சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

தொண்ணூற்றைந்தில் துபாய் ஹோட்டல் ஒன்றில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். விசா ஐந்து பேருக்கு வந்தது. நான் ஆறாவது ஆள். "அங்க தூக்க வேற ஆளுண்டு வண்டே, நீ இங்க சாயா குடிச்சிட்டு இரு" என்றான். நியாயம்தான்.

போவதற்கு முன் கடைசி நிகழ்ச்சி இடக்கொச்சியில். மழை விட்டு மேடை ஈரமாகக் கிடந்தது. அன்று மட்டும் மூளல் இல்லை. மூன்றாவது பாட்டில் ஷானவாஸ் விழுந்தான். ஷாக் அடித்துச் செத்தான், விபத்து என்று எழுதினார்கள். ஹஸீபாவுக்கு அப்போது ஆறு மாதம். பிறகு அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனதும் நான்தான்.

வாப்பாவை அவள் பார்த்ததெல்லாம் படத்தில். பேண்டின் மேடை நிகழ்ச்சிகளைச் சேர்த்து ஒரு டிவிடி போட வேண்டும் என்று வீடு வீடாகக் கேசட் தேடினாள். ஆறு கிடைத்தன. ஏழாவது தோப்பும்படியில் ஒரு கல்யாண வீடியோக்காரர் வீட்டுப் பரணில் இருந்தது. இடக்கொச்சி. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

"மாமா, இதுல மட்டும் மூளல் இல்லல்லோ. அன்னிக்கு என்ன பண்ணினீங்க?"

மழைக்குச் சில நேரம் அப்படி என்றேன். அவள் பின்னுக்குச் சுற்றினாள். இரண்டாவது பாட்டு முடிந்ததும் ஒல்லியாக ஒருத்தன் குனிந்து வந்து, ஷானவாஸ் தண்ணீர் குடிக்க ஒதுங்கிய நேரத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டு போகிறான்.

"அய்யோ, இது நீங்களாக்கும். எவ்ளோ முடி. பாயை எதுக்கு மாமா எடுத்தீங்க?"

"நனஞ்சிருந்துச்சு மோளே."

நம்பிவிட்டாள். "ஞாயித்துக்கிழமை வெங்கிடேஷ் மாமாக்குக் காட்டறேன். அவருக்கு எல்லாம் ஓர்மை உண்டு" என்றாள். வெங்கிடேஷ் பேண்டின் டிரம்மர். பாய் எதற்கு என்பது அவனுக்குத் தெரியும்.

மூன்று நாள் வாசலில் ஸ்கூட்டர் நின்றால் மூத்திரம் முட்டியது. முப்பது வருஷம் தெருவில் கேமராவைக் கண்டாலே ஒதுங்கிப் போனவன் நான். அது முன்பே என்னைப் பிடித்து வைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளை வரச் சொன்னேன். வாப்பாவின் கிட்டார் என்னிடம்தான் இருந்தது, பழைய ஆம்ப்ளிஃபையரும். இரண்டையும் ஒயரில் இணைத்துத் தயாராக வைத்திருந்தேன். "இப்பத்தான் தரை கழுவினேன், செருப்பை வெளியில விடு மோளே" என்றேன். கிட்டாரைக் கண்டதும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நான் தொடட்டா மாமா?"

தொடு என்றேன். சுவிட்சை அதற்கு முன்பே போட்டிருந்தேன்.

அன்று காலையிலேயே அவள் அந்தக் காட்சியை வெங்கிடேஷுக்கு போனில் அனுப்பிவிட்டாள் என்பது இங்கே ஸ்டேஷனில் நீங்கள் சொல்லித்தான் தெரியும். 'சுப்புராஜ் மாமா எவ்ளோ ஒல்லி, பாருங்க' என்று எழுதியிருந்தாளாம். அதைக் கேட்ட பிறகுதான் எல்லாம் சொல்கிறேன் என்றேன்.

ஷானவாஸைக் கொன்றது நான். ஹஸீபாவைக் கொன்றதும் நான். ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவிடாதீர்கள் சார். அவன்மேல் எனக்கு ஆத்திரம் இருந்தது. இவள்மேல் அப்படி எதுவும் இல்லை. வாப்பா இல்லாமல் வளர்ந்த பிள்ளை. அந்தக் கேசட்டால் மாமாவையும் அவள் இழந்துவிடக் கூடாதே என்றுதான்.