அய்யனாருக்கு நேர்ந்த குதிரை

பெரியம்மாள்: …தூக்குய்யா. மண்ணுக் குதிரதான், கடிக்காது.

வீரமுத்து: இடுப்பு புடிச்சிக்கினு கீது… உந் தம்பி கொளஞ்சியப்பனத் தூக்கச் சொல்லு.

பெரியம்மாள்: கப்பலேறிப் போன பசரா சண்டையிலேர்ந்து எம் புருசன் உசுரோட வந்தா, அவரு தலையிலயே குதிரய ஏத்தி அனுப்புறேன்னு அய்யனாருகிட்ட வேண்டிக்கினேன். கொளஞ்சியப்பனா எம் புருசன்?

வீரமுத்து: அது ஆச்சு முப்பது வருசம். அவரே மறந்திருப்பாரு.

பெரியம்மாள்: இப்ப நம்ம செல்லமுத்து காஷ்மீரு சண்டையில நிக்கிறான். பழசத் தீக்காம புள்ளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கினு வேண்டுறது?

வீரமுத்து: அவன எவன் பட்டாளத்துக்குப் போவச் சொன்னான்?

பெரியம்மாள்: நீதான்! கள்ளக்குறிச்சி சந்தையில ஒக்காந்துக்கினு அளந்தியே… “நானாவே பேரு குடுத்தேன், குதிரப்பட்டாளம், வெள்ளக்காரனே சலாம் வச்சான்”னு. அதக் கேட்டுக்கினே வளந்தவன் வேற எங்க போவான்?

வீரமுத்து: பொய்யா சொன்னேன்? ஈட்டியத் தூக்கிக்கினு நாங்க பாஞ்சா…

பெரியம்மாள்: அந்தக் குதிர இன்னா ஆச்சு? அதச் சொல்லு.

வீரமுத்து: குண்டு பட்டுச் செத்துது.

பெரியம்மாள்: போன வருசம், ஆத்துல அடிச்சிக்கினு போச்சின்னியே?

வீரமுத்து: ஆத்துலதான்… குண்டு பட்டுது.

பெரியம்மாள்: அதுக்கு முன்ன அரபிக்காரன் ஓட்டிக்கினு பூட்டான்னியே. ஒரே குதிர எத்தினி வாட்டிய்யா சாவும்?

வீரமுத்து: மெதுவாப் பேசுடி. எல்லாரும் பாக்கறாங்க.

பெரியம்மாள்: பாக்கட்டும். இதத் தூக்கலன்னா, நீ பக்கத்துல கீற வெள்ளிமலை ஏறி எறங்கினதோட சரி, கப்பலே பாக்கலன்னு பேசுவாங்க.

வீரமுத்து: பேசட்டும்… நான் தூக்க மாட்டேன்.

பெரியம்மாள்: புள்ள உசுருய்யா!

வீரமுத்து: அதனாலதாண்டி! நான் தூக்கினா அய்யனாரு ஏத்துக்க மாட்டாரு. துருக்கிக்காரன் எங்கள ஒரு ஊருல வச்சி மடக்கிட்டான். மாசக்கணக்கா சோறு கெடையாது. கடைசில லாயத்துல…

பெரியம்மாள்: சொல்லு.

வீரமுத்து: எங் குதிரய நாந்தான் புடிச்சிக்கினு போயி வெட்டுறவங்கிட்ட குடுத்தேன். கையில வெல்லம் வச்சிருப்பேன்னு மோந்து பாத்துது… அப்புறம் நானும் தின்னேன். குதிரயில வர்ற சாமி முன்னால குதிரயத் தின்னவன் எப்பிடி நிப்பேன்?

பெரியம்மாள்: தெரியும்.

வீரமுத்து: …இன்னா தெரியும்?

பெரியம்மாள்: நீ வந்த அன்னிக்கு கறிக்கொழம்பு வச்சேன். சட்டியத் தொறந்ததும் “ராணி, ராணி”ன்னு அழுத. எவளோ ராணியாம்னு ஒரு வாரம் மூஞ்சி குடுத்துப் பேசல. அப்புறம் தூக்கத்துல, ராணி உங் குதிரன்னு நீயே எல்லாத்தயும் ஒளறிட்ட. கொசவர் வூட்டுல ரெண்டு குதிர சொல்லிகீறேன்யா. இது நீ வந்ததுக்கு. பின்னால நிக்கிது பாரு, அது உன்ன உசுரோட அனுப்பி வச்சவளுக்கு… அவள நான் தூக்கிக்கினு வரேன். நீ முன்னால நட.